பாட்டு வகுப்பும் பி.டி. பீரியடும்

அரசு உயர்நிலைப் பள்ளி எதற்குப் போனாலும் தலைமையாசிரியர் அறைச் சுவரில் கால அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கும். நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு நாற்பது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்ற ஐந்தும் பெரும்பாலான கட்டங்களை நிரப்பிவிடும். மிச்சமிருக்கும் சில கட்டங்களில் உடற்கல்வி, ஓவியம், இசை, கைத்தொழில், நூலகம், வாழ்க்கைக் கல்வி என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டங்களுக்கு நேரே ஆசிரியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அல்லது கணக்கு ஆசிரியரின் பெயரே இன்னொரு முறை வந்திருக்கும். இந்தக் கட்டுரைக்கான கேள்வி அங்கேதான் எழுந்தது. உயர்நிலைப் பள்ளியில் இசைக்கும் விளையாட்டுக்கும் விருப்பப் பாடங்களுக்கும் தமிழ்நாடு எப்படிப்பட்ட இடத்தைக் கொடுத்திருக்கிறது? அந்த இடம் ஏன் இப்படி ஆனது?

நான் படித்த ஊரில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தன. பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சரும் தையல் டீச்சரும் இருந்தார்கள். எங்கள் பள்ளியில் டிராயிங் மாஸ்டரும் டிரில் மாஸ்டரும் இருந்தார்கள். எங்களில் ஒருவனுக்குப் பாட வேண்டும் என்று தோன்றினால் சாலையைக் கடக்க முடியாது. எதிரே படித்த ஒருத்திக்குக் கபடி ஆட வேண்டும் என்று தோன்றினாலும் அதே கதைதான். எந்தப் பணியிடம் எந்தப் பள்ளிக்கு எப்போதோ ஒதுக்கப்பட்டதோ, அதுவே பிள்ளைகளின் ‘விருப்பம்’ ஆயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்தும் தமிழ்நாட்டில் விருப்பப் பாடம் என்பதன் நடைமுறைப் பொருள் இதிலிருந்து அதிகம் மாறவில்லை.

இந்தப் பாடங்களுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவர்தான். இந்திய மண்ணில் உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலே இந்தக் கல்லூரியிலிருந்துதான் வேர்விட்டது என்று சொல்லலாம். இசையும் அதே காலத்தில் கல்விக்கூடத்துக்குள் வந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி 1929ஐச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை 1932இல் வந்தது. குருவின் வீட்டுத் திண்ணையில் இருந்த கலை, பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் என்ற உருவத்துக்கு மாறிய காலம் அது. ஓவியம், தையல், இசை, கைத்தறி நெசவு ஆகியவற்றுக்கு அரசுத் தேர்வுத் துறை ‘லோயர்’, ‘ஹையர்’ என்று நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகள் அந்தக் காலத்தின் தொடர்ச்சி. சிறு ஊர்களில் இன்றும் டிராயிங் ஹையர் பாஸ் செய்த இளைஞர்களைப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு பணியிடம் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

விடுதலைக்குப் பின் இந்தக் கேள்வியை முழுமையாக எடுத்துப் பார்த்தவர் ஒரு தமிழர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 1952இல் இந்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர், மருத்துவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1953இல் வந்த அவருடைய அறிக்கை, எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஏட்டுக் கல்வியைப் படித்துக் கல்லூரி வாசலில் நிற்பதுதான் இடைநிலைக் கல்வியின் நோய் என்றது. மொழிகள், பொது அறிவியல், சமூகவியல், ஒரு கைத்தொழில் ஆகியவை எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவுகள். மாணவர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நுண்கலை என்பது அறிவியலுக்குச் சமமான ஒரு பிரிவு! எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் இப்படி எழுதினார். இந்த ஏழையும் ஒரே வளாகத்தில் நடத்தும் பல்நோக்குப் பள்ளிகள் நாடு முழுவதும் திறக்கப்பட்டன. அவற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்றே அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள் 1963இல் வந்தன.

பள்ளிகளுக்கு ‘பல்நோக்கு’ என்று பெயர்ப்பலகை மாட்டி ஏறக்குறையப் பத்தாண்டு ஆன பிறகுதான் அந்தக் கல்லூரிகள் வந்தன என்பதைக் கவனியுங்கள். பணிமனை வந்தது, கருவி வந்தது, கற்றுக்கொடுப்பவர் வரவில்லை. அதற்குள் காற்று மாறிவிட்டது. இந்திய அரசு அமைத்து 1964–66இல் பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழு, பத்தாம் வகுப்பு வரை பிரிவே வேண்டாம், எல்லாருக்கும் பொதுக் கல்வி என்றது. சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் அந்தப் பொதுக் கல்வியில் கலைக்கும் உடலுக்கும் உரிய பங்கு தேர்வு முறைக்கு வெளியே நின்றுபோனது. ஐந்து பாடம், ஐந்நூறு மதிப்பெண் என்று இன்று நாம் பழகிப்போன பத்தாம் வகுப்பு இந்த வழியில் வந்ததுதான்.

தமிழ்நாட்டில் இதற்குள் இன்னொரு கதையும் ஓடுகிறது. அதைச் சொல்லாமல் தொழில் சார்ந்த விருப்பப் பாடங்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்ற பெயரில் அதைத் தமிழ்ச் சமூகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் இந்த மாநிலத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. நாவிதர் மகன் சிகை அலங்காரமும் நெசவாளி மகள் தறியும் கற்கட்டும் என்று யாராவது சொன்னால், சொல்பவரின் நோக்கத்தை முதலில் சந்தேகப்படும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதே சமயம், கையால் செய்யும் எதையும் ‘படிப்பு வராதவர்களுக்கு’ என்று ஒதுக்கும் மனநிலையும் நம்மிடம் வளர்ந்துவிட்டது. சாதியை எதிர்த்த போராட்டம் கைத்தொழிலை இழிவென்று சொல்லவில்லை. பிறப்பால் தொழில் விதிக்கப்படுவதைத்தான் எதிர்த்தது. பட்டறை வகுப்பில் வக்கீல் மகனும் கொத்தனார் மகளும் ஒரே மேசையில் நின்று மரம் அறுத்தால் அது குலக்கல்விக்கு நேர் எதிரானது.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது இதைச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு வந்தது. வேலூரில் பிறந்த பொருளியலாளர் மால்கம் ஆதிசேசையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலையில் தொழிற்கல்வி எப்படி அமைய வேண்டும் என்று அதே ஆண்டில் அறிக்கை தந்தது. தொழிற்பிரிவுகளும் வந்தன. இன்று அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், நெசவியல், செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை என்று பிளஸ் ஒன்னில் பல பெயர்கள் இருக்கின்றன. ஆனால் சேர்க்கை நாளில் பள்ளி வராந்தாவில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஃபர்ஸ்ட் குரூப் கிடைச்சுதா?” மதிப்பெண் கூடியவருக்கு முதல் குரூப், அடுத்தவருக்குக் கணினி அறிவியல் அல்லது தூய அறிவியல், அதற்கும் கீழே வணிகம், எல்லாருக்கும் கடைசியாகத் தொழிற்பிரிவு. இது மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு. இதைத் தேர்வுச் சுதந்திரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. இசையையோ உடற்கல்வியையோ முதன்மைப் பாடமாக எடுத்துப் பிளஸ் டூ எழுதும் ஒரு மாணவரை அரசுப் பள்ளியில் காண்பது மிக அரிது.

இனி இன்றைய நிலை. இதை ஆசிரியர்களின் பக்கத்திலிருந்து பார்ப்பதே சரி. ஏனென்றால் பாடத்திட்டம், மைதானம், வாத்தியம் என்ற எல்லாமும் கடைசியில் ஓர் ஆளில் வந்து முடிகின்றன.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக் கல்வி, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, பணிக் கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. ‘பகுதிநேர’ என்ற சொல் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. கணக்குக்கும் மொழிக்கும் ஆசிரியர், கலைக்கும் உடலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்! அந்தச் சொல்லின் விளைவைத் தமிழ்நாடு 2012இல் கண்டது. உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை, தோட்டக்கலை, கட்டுமானம், வாழ்வியல் திறன் ஆகியவற்றுக்காக 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்கு ஊதியம் தரப்படவில்லை.

அரை நாள் என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் வந்து நிற்கும் ஒருவரை மதியம் வீட்டுக்கு அனுப்ப எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது. இணையத்தில் விவரம் ஏற்றுவது, இலவசப் பொருள் பட்டியல் எடுப்பது, ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாமே அவர்கள் தலையில் விழுந்தன. ஊதியம் சிறிது சிறிதாக ஏறி 2021இல் 10,000 ரூபாய் ஆனது, பிறகு 12,500. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக தந்த வாக்குறுதிகளில் இவர்களின் பணி நிரந்தரமும் ஒன்று. அதைக் கேட்டு இவர்கள் ஆண்டுக்கு ஆண்டு சென்னையில் போராட்டம் நடத்திவருகிறார்கள். இறந்தவர்கள், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர்கள், வேறு வேலைக்குப் போனவர்கள் போக, இப்போது இருப்பவர்கள் சுமார் 12,000 பேர். ஒரு ஓவிய ஆசிரியர் வாரத்தில் மிச்ச நாட்களில் ஃபிளெக்ஸ் கடையிலோ ஜவுளிக்கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வண்ணம் சொல்லித்தருகிறார் என்றால், அந்த ஆசிரியரின் அர்ப்பணிப்பைப் பாராட்டிவிட்டு நகர்வது அநீதி. பத்தாண்டுக்கும் மேலாக ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருப்பது அரசு செய்யக்கூடாத செயல். இதில் ஆட்சிக்கு ஆட்சி வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

முழுநேரச் சிறப்பாசிரியர்கள் நிலை என்ன? 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,300க்கும் மேற்பட்ட சிறப்பாசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 248, இசைக்கு 86. ஆயிரக்கணக்கான அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் கொண்ட, தமிழிசை இயக்கம் கண்ட மாநிலத்தில் இசைக்கு எண்பத்தாறு.

உடற்கல்வி மட்டும் எண்ணிக்கையில் சற்று மேல். ஆனால் பி.டி. சாரின் ஒரு நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் வேறு படம் தெரியும். காலை வழிபாட்டுக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, தாமதமாக வருகிறவர்களை நிறுத்துவது, முடி வெட்டாதவரைப் பிடிப்பது, பஸ் பாஸ், சைக்கிள் வழங்கும் வரிசையைப் பார்த்துக்கொள்வது, குடியரசு நாளுக்கு அணிவகுப்பு பழக்குவது எல்லாம் அவர் வேலை. பள்ளியின் காவல்காரராக அவரை ஆக்கிவிட்டோம். பிள்ளைகள் அவரைக் கண்டு பயப்படுவதற்கு அவர் காரணமல்ல. பத்தாம் வகுப்புக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பி.டி. பீரியடை கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கடன் வாங்குவார்கள். திருப்பித் தரப்படாத கடன் அது. மாநில விளையாட்டுத் துறை அமைச்சரே பொது மேடையில், தயவுசெய்து விளையாட்டு வேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு இது ஊரறிந்த வழக்கம்.

கடன் வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் மதிப்பெண். அது பொருந்துகிறதா? அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2010இல் பள்ளி உடற்பயிற்சிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு குறித்த 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் கண்ட தொடர்புகளில் பாதிக்குச் சற்று மேலானவை படிப்புக்கு நன்மை தருபவை. ஏறக்குறைய மீதி எல்லாம் நன்மையோ தீமையோ இல்லாதவை. பாதகமானவை 1.5 சதவீதம்தான். விளையாட்டு வேளையைப் பறித்தால் மதிப்பெண் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே இதன் பொருள். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடம் உடல் வியர்க்க ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை தருவதையே நாம் தாராளம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விளையாட்டை வளர்க்க நம்மிடம் உள்ள ஏற்பாடு போட்டி. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடி ஜெயிப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் மூன்று சதவீத ஒதுக்கீடும் உண்டு. சான்றிதழுக்கு மதிப்பு இருப்பதால் பெற்றோர் சிலர் பிள்ளைகளை விளையாட விடுகிறார்கள். இதில் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் குறுவட்டப் போட்டிக்குப் போவது நாற்பது பேர். மற்ற ஐந்நூற்று அறுபது பேருக்கும் உடல் இருக்கிறது. குண்டாக இருப்பவன், ஓடினால் மூச்சு வாங்குபவள், பந்து வந்தால் கண்ணை மூடுபவன் ஆகியோருக்காகத்தான் உடற்கல்வி என்ற பாடம் முதலில் தேவை. மாரியப்பன் தங்கவேலுவின் கதையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த பையன் அவர். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். பதக்கத்தை விட்டுவிடுவோம். ஒரு காலில் குறை உள்ள பையனைத் திண்ணையில் உட்கார வைக்காமல் மைதானத்துக்கு அழைத்த ஒரு ஆசிரியர் அந்தப் பள்ளியில் அன்று வேலையில் இருந்தார் என்பது முக்கியம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எட்டாம் வகுப்பு வரை துள்ளி ஆடியவள் ஒன்பதாம் வகுப்பில் மரத்தடிக்குப் போய்விடுகிறாள். தாவணியின் இடத்தில் சுடிதார் வந்தது ஓரளவு உதவியது. ஆனால் உடை மாற்ற அறை இல்லை, மாதவிலக்கு நாட்களில் யாரிடம் சொல்வது என்று தெரிவதில்லை, மாலைப் பயிற்சி முடித்து வீடு போகப் பேருந்து இல்லை. இருபாலர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒரே ஒருவர், அவரும் ஆண் என்றால், பெண்களுக்கு அந்தப் பாடவேளை பேசிக்கொண்டிருக்கும் நேரமாக முடிந்துவிடுகிறது. இதற்கு விழிப்புணர்வு முகாம் தீர்வாகாது. பெண் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் போதும்.

இசைக்கு வருகிறேன். இசையை ஆதரிப்பவர்கள் பலர் அது மூளையை வளர்க்கும், கணக்கை வரவைக்கும் என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 1993இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு. மோசார்ட்டின் இசையைக் கேட்ட 36 கல்லூரி மாணவர்களுக்கு இடம்சார் சோதனை ஒன்றில் மதிப்பெண் கூடியது. அந்த விளைவு கால் மணி நேரம் நீடித்தது. அதற்கு மேல் எதையும் அந்த ஆய்வு சொல்லவில்லை. கணக்குக்கு உதவும் என்று சொல்லி இசையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால், உதவவில்லை என்று தெரிந்த அன்றே வெளியே தள்ளிவிடுவார்கள். பாடத் தெரிந்தால் பாடலாம் என்பதே இசை வகுப்புக்குப் போதுமான காரணம். நாற்பது பிள்ளைகள் ஒரே சுருதியில் சேரும்போது அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கேட்டவர் அதற்கு வேறு காரணம் கேட்க மாட்டார்.

எந்த இசை என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் நீண்ட காலம் பாட்டு வகுப்பு என்றால் சரளி வரிசையும் கீர்த்தனையும்தான். பறைக்கும் நையாண்டி மேளத்துக்கும் அங்கே இடம் இல்லை. 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா இந்தச் சுவரை உடைத்தது. பறையும் கரகமும் ஒயிலாட்டமும் பள்ளி மேடைக்கு வந்தன. மாணவர்கள் லட்சக்கணக்கில் கலந்துகொண்டார்கள். நான் இதை மனமாரப் பாராட்டுகிறேன். அதோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு யூடியூபைப் பார்த்து ஒத்திகை நடக்கிறது. தமிழாசிரியரே நடனம் சொல்லித்தருகிறார். வெளியே வகுப்புக்குப் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளை முன்வரிசையில் நிற்கிறது. திருவிழா முடிந்ததும் அடுத்த ஆண்டு வரை பறை அறையில் கிடக்கிறது. விதைக்காத வயலில் அறுவடைத் திருநாள் நடத்த முடியாது.

இன்னொரு பக்கம், கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்ட அரசு இசைப் பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு கலைகள், மூன்றாண்டுப் படிப்பு. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் வகுப்பு பகலில் நடக்கிறது. சேர வேண்டுமானால் பிள்ளை பள்ளியை விட வேண்டும். குரலிசைக்கு ஏழாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சேர்க்கை விதி சொல்கிறது. நாதசுரம் வாசிக்கப்போகிற பிள்ளைக்குப் படிப்பு அவசியமில்லை என்ற பழைய எண்ணம் அந்த விதிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒன்றில் பாட்டு வாத்தியார் இல்லை. மற்றொன்றில் பிள்ளைகள் போதவில்லை. இசைப் பள்ளி ஆசிரியர் வாரம் இரண்டு நாள் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கு வரவும், அங்கே படிக்கும் பிள்ளை மாலையில் இசைப் பள்ளிக்குப் போகவும் ஓர் அரசாணை போதும்.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பாக் நீரிணையின் அக்கரையைக் காட்டலாம். இலங்கையில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையும் அழகியல் பாடம் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று அவற்றுள் ஒன்று. சாதாரண தரப் பரீட்சையில் ஆறு கட்டாயப் பாடங்கள் போக மூன்றைத் தொகுதிகளிலிருந்து தெரிவு செய்கிறார்கள். அழகியலும், சுகாதாரமும் உடற்கல்வியும் அந்தத் தொகுதிகளில் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் நடக்கிறது. உயர் தரக் கலைப் பிரிவில் சங்கீதமும் நாடகமும் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகும் பாடங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து வெளிவருகிறவருக்குப் பாடசாலையில் ஆசிரிய நியமனம் என்ற வழி இருக்கிறது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்ற ஒருவர் பாடசாலை நாடகத்தை ஓர் இயக்கமாக வளர்த்ததற்கு, நாடகம் அங்கே ஒரு பாடமாகவே இருந்ததும் துணை நின்றது. போரும் இடப்பெயர்வும் கண்ட அந்த மண்ணில், கூரையில்லாத வகுப்பறைகளிலும் சங்கீதப் பாடம் பாடமாகவே இருந்தது.

அங்கே குறை இல்லாமல் இல்லை. பரீட்சை என்று ஆனதும் தாள வகைகளை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கமும் தனியார் வகுப்பும் வந்துவிட்டன. இந்தியாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் பதினொன்று, பன்னிரண்டில் உடற்கல்வியையும் கர்நாடக இசையையும் விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால் உடற்கல்வியை எடுக்கும் பலர் மொத்த மதிப்பெண்ணை உயர்த்தும் எளிய வழியாகவே அதைப் பார்க்கிறார்கள். மைதானத்துக்குப் போகாமலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கலாம் என்றால் அது உடற்கல்வியாகாது.

ஆகவே மதிப்பெண் வேண்டுமா, வேண்டாமா? நம் கல்வியாளர்கள் இதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். தேர்வு வைத்தால் கலை செத்துவிடும் என்பது ஒரு கட்சி. தேர்வு இல்லாத பாடத்துக்கு இந்த நாட்டில் ஆசிரியரும் வரமாட்டார், நேரமும் கிடைக்காது என்பது மறு கட்சி. முப்பருவ முறை வந்த பிறகு, கல்வி இணைச் செயல்பாடு என்ற பெயரில் கிரேடு போடும் முறையைத் தமிழ்நாடு 2012 முதல் நடத்திப் பார்த்துவிட்டது. இசை ஆசிரியரே இல்லாத பள்ளியில் வகுப்பாசிரியர் ஓர் இரவில் உட்கார்ந்து எல்லாருக்கும் ‘ஏ’ போட்டு முடித்தார். கற்பிப்பவர் இல்லாத இடத்தில் மதிப்பீடு வெறும் எழுத்து வேலை. எனக்கு இரண்டாம் கட்சியின் பக்கமே நியாயம் தெரிகிறது, ஒரு திருத்தத்தோடு. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இசை, ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றில் ஒன்றை மாணவரே தெரிவு செய்யட்டும். பாடிக் காட்டி, வரைந்து காட்டி, ஆடிக் காட்டி, செய்து காட்டித் தேறட்டும். மதிப்பெண் பட்டியலில் அது இடம்பெற வேண்டும். மொத்தக் கூட்டலில் சேர வேண்டாம். உடற்கல்வியைத் தெரிவு செய்யாதவருக்கும் வாரத்தில் மூன்று வேளை மைதானம் கட்டாயம்.

ஒவ்வொரு பள்ளிக்கும் நான்கு சிறப்பாசிரியர் என்றால் கருவூலம் தாங்காது என்பார்கள். நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முழுநேர இசை ஆசிரியர் தேவையில்லை என்பது உண்மைதான். ஒரு ஒன்றியத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒரு நிரந்தர ஆசிரியரைப் பகிர்ந்து கொடுக்கலாம். அதற்கான ஆட்களை எங்கும் தேட வேண்டியதில்லை. பத்தாண்டுக்கும் மேலான அனுபவத்துடன் அந்த 12,000 பேர் ஏற்கெனவே பள்ளிகளுக்குள் இருக்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக்கி முழு ஊதியம் கொடுத்தால், முதலியார் அறிக்கையின் நுண்கலைப் பிரிவுக்கு இல்லாமல் போன ஆசிரியர்கள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்துவிடுவார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளையின் பெற்றோராக இருந்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கழிப்பறை, சத்துணவு, குடிநீர் பற்றிக் கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையைக் காட்டுங்கள், உடற்கல்விக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் நேரே யார் பெயர் இருக்கிறது? பதில் வெற்றிடம் என்றால், பணியிடம் வேண்டும் என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.